மேடம் உட்கார்ந்த இடம்

போலீஸ் வண்டி ஓட்டுகிறேன் என்றால், திருடனைத் துரத்துகிறவன் என்று சொந்தக்காரர்களுக்கு நினைப்பு. நான் ஓட்டுவது நாய் வண்டி. பின்னால் கம்பி வலை, அதற்குள் ஒரு பெட்டை நாய். வெடிகுண்டு தேடுகிற நாய் அது. இன்ஸ்பெக்டரே அதற்காகக் கைகட்டிக் காத்து நிற்பதால் பிரிவில் எல்லோருக்கும் அது மேடம். மேடம் வேலை நேரத்தில் குரைக்காது. வெடிமருந்து வாசனை பட்டால் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கயிறு பிடிப்பவர் பக்கத்தில் போய்த் தட்டிக்கொடுக்கும் வரை எழுந்திருக்காது.

கயிறு பிடிப்பவனுக்கு ஈரக்கை என்று பட்டப்பெயர். ஒரு விளையாட்டு மைதானத்தில், கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியைப் பிரிக்கப் போன கூட்டாளிக்கு, அது வெடித்து விரல்கள் போனதை இவன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். அன்றிலிருந்து இவனுக்கு உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. கயிறு எப்போதும் நனைந்தே இருக்கும். பட்டப்பெயர் வைத்தவர்களை நான் திட்டாத திட்டு கிடையாது. அந்தப் பெட்டிப் பக்கம் அவர்கள் நின்றிருந்தால் நனைந்திருப்பது கை மட்டும்தானா?

அவன் மனைவி ஒருநாள் என்னிடம் பொரிந்து தள்ளினாள். "அண்ணே, பக்கத்து வீட்டுப் பிள்ளை டிபன் பையை எங்க வாசல்ல மறந்து வெச்சிட்டுப் போயிடுச்சு. அதுக்கு இவரு என்னையும் பசங்களையும் பின்பக்கமா தெருவுக்குத் துரத்திட்டாரு! நான் தலையில எண்ணெயோட நிக்கிறேன், தெருவே வேடிக்கை பார்க்குது." சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மேடம் தப்புத் தப்பாக உட்கார ஆரம்பித்தது. முதலில் ஒரு வங்கியில், பிறகு ஒரு தியேட்டரில். அத்தனை கூட்டத்தையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிரித்துப் பார்த்தால் பழைய துணி. இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்துவிட்டார். "நாய்க்கு மூக்கு போயிடுச்சுப்பா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டு எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட அழாதே."

ஈரக்கை அழவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டான். கண் திறக்காத குட்டியாக இருந்ததிலிருந்து அவன் வளர்த்த நாய் அது.

அந்த வாரமே ஒரு ஆஸ்பத்திரிக்கு மிரட்டல் போன் வந்தது, கீழ்த்தளத்தில் குண்டு என்று. கீழ்த்தளம் என்பது வண்டி நிறுத்துமிடம். தாழ்ந்த கூரை, பாதி எரியாத விளக்குகள், வரிசை வரிசையாக ஸ்கூட்டர்கள். தலைக்கு மேலே நோயாளிகள் படுத்திருந்தார்கள். டார்ச் பிடிக்க ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். டிரைவர் வேலைக்கு வந்தவனுக்கு இதெல்லாம் தேவையா என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு போனேன்.

நுழைந்ததும் இரண்டாவது வரிசையில், கொக்கியில் பை தொங்கிய ஒரு ஸ்கூட்டர் முன்னால் மேடம் உட்கார்ந்துவிட்டது.

சரிவுப்பாதையில் நின்ற டாக்டரம்மா பதறிப்போனார். "நாலு பேர் மூச்சு மெஷின்ல இருக்காங்க. அவங்களைப் படி வழியா இறக்கினா ஒருத்தராவது போயிடுவாங்க. நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லுப்பா, உண்டா இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஈரக்கை ஸ்கூட்டரைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"சார், அந்தப் பையை முதல்ல பார்த்தது மேடம் இல்ல, நான். பார்த்ததும் என் கை நடுங்குச்சு, கயிறு இழுத்துச்சு, அது உட்கார்ந்துடுச்சு. அது உட்கார்ந்தா எல்லாரையும் வெளியே அனுப்பிடுவாங்க, அப்பத்தான் எனக்கு மூச்சு வருதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு தடவை கயிறு இல்லாம விட்டுப் பார்க்கறேன்."

"விளையாடறியா? மேல உயிர் ஊசலாடுது!"

"அதனாலதான் சார் கேட்கறேன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். ஈரக்கை மேடத்தை வாசலுக்குக் கூட்டி வந்து கயிற்றைக் கழற்றினான். "அண்ணே, டார்ச்சை அணைச்சிடுங்க. யாரும் அதைப் பார்க்காதீங்க. திரும்பி நில்லுங்க" என்றான். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். "தேடு" என்று ஒரு சொல்.

சிமெண்ட் தரையில் நகம் உரசும் சத்தம் போனது. ஸ்கூட்டர் பக்கம் நிற்கவில்லை, தாண்டிப் போனது. அப்பாடா, ஒன்றுமில்லை என்று நான் மூச்சு விட்டேன். சத்தம் இன்னும் உள்ளே, தண்ணீர் மோட்டார் அறைப் பக்கம் போய்ச் சட்டென்று நின்றது. காத்திருந்தோம். அது திரும்பி வரவில்லை.

டார்ச்சைப் போட்டுத் திரும்பிப் பார்த்தால், கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு சாக்குமூட்டை. அதன் முன்னால் மேடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் வெளியே! இந்த மூலைக்கு மேல இருக்கற வார்டைக் காலி பண்ணுங்க!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். நான் ஓடினேன், பொய் சொல்லவில்லை. சரிவுப்பாதையின் உச்சியில் நின்று திரும்பினால் ஈரக்கை மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தான். "டேய், வந்துடுடா!" என்று கத்த நினைத்தேன். அவன் தட்டிக்கொடுக்காமல் அது அங்கிருந்து எழுந்திருக்காதே! சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கால் பின்னிப் பின்னி நடந்தான். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். மயங்கி விழப்போகிறான் என்றே நினைத்தேன். பிறகு அந்த முப்பது கிலோ நாயைக் குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெளியே வந்து வாந்தி எடுத்தான்.

மூட்டையில் இருந்தது நிஜமான குண்டு. நிபுணர்கள் செயலிழக்க வைத்தார்கள். மூச்சு மெஷினில் இருந்த நாலு பேரும் வேறு பக்கத்து வார்டில் இருந்ததால் அவர்களை இறக்க வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மேடத்தின் தலையைத் தடவி, "உன் மூக்கைச் சந்தேகப்பட்டேனேம்மா" என்றார்.

மறுநாள் ஈரக்கை டிராஃபிக் பிரிவுக்கு மாற்றல் கேட்டான்.

"பைத்தியமாடா உனக்கு? நேத்துதான் ஜெயிச்சிருக்கே" என்று சண்டைக்குப் போனேன்.

"ஜெயிச்சது அது அண்ணே. இத்தனை நாளா அதைக் கெடுத்துக்கிட்டிருந்தது நான். பயப்படாத ஒருத்தர் கையில இருந்தா அது இன்னும் பல பேரைக் காப்பாத்தும்."

இப்போது அவன் கடைத்தெரு சிக்னலில் நிற்கிறான். மேடத்தின் கயிறு புதிதாக வந்த ஒரு பெண் காவலர் கையில். ஒருமுறை எங்கள் வண்டி அவன் சிக்னலில் நின்றது. கூண்டுக்குள் மேடம் வலையைப் பிறாண்டி அழுதது. அன்று வேலைக்குப் போன இடத்தில் எதையும் தேடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் இதை அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அண்ணே, இனிமே இந்த சிக்னல் வழியா வராதீங்க."

"ஏன்டா, அதைப் பார்க்கணும்னு உனக்கு ஆசையே இல்லையா?"

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அதிலிருந்து பாலத்தைச் சுற்றித்தான் போகிறேன். "ஏன் அண்ணே எப்பவும் சுத்திப் போறீங்க?" என்று அந்தப் பெண் கேட்கும். கடைத்தெரு ரோடு சரியில்லைம்மா என்பேன். அது போன மாதம் புதிதாகப் போட்ட ரோடு.