கூடை ஏறாத பஸ்

கொள்ளிடத்துக்கு வடக்கே, வாழைக்கொல்லைகளை அழித்து மனை போட்ட ஊர் எங்களுடையது. நான் குடிவந்தபோது தெருவில் ஆறு வீடுகள். நாலே வருஷத்தில் வீடுகளை எண்ணுவதையே விட்டுவிட்டேன். காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் மட்டும் அதே ஒன்றுதான். அதில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு, டிபன் பை என்று கையில் கிடைத்ததை எறிவோம். எறிந்தவருக்கே சீட் என்பது ஊர் வழக்கம். புதிதாக வந்த நாங்களும் அதை மீறியதில்லை.

எனக்கு இடம் பிடித்துத் தந்தவர் ஒரு கீரைக்கார அம்மாள். காந்தி மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோகிறவர். எனக்கு முதுகுவலி என்று தெரிந்த நாளிலிருந்து, தலையில் கூடைக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியை எனக்காக ஒரு சீட்டில் எறிவார்.

"உக்காருங்க தம்பி, நாளெல்லாம் ஆபீஸ்ல குனியணும்ல" என்பார். அவர் கூடையோடு நின்றுகொண்டே வருவார்.

ஒருநாள் கூடைத் தண்ணீர் என் பேண்டில் சொட்டிவிட்டது. ஆபீஸில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரம் மேலதிகாரி மேல் போகவில்லை, கூடை மேல் போயிற்று.

கூட்டம் தாங்காமல் இன்னொரு பஸ் கேட்டு ஊரே மனுப் போட்டது. எழுதியது நான், படித்தவன் அல்லவா! கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: கூடை, மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது. டீக்கடை வாசலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியபோது அந்த வரியை விழுங்கிவிட்டேன்.

"நம்ம ஊருக்கு நல்லது பண்றீங்க" என்று அந்த அம்மாள்தான் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார். விரல் மையைத் தாளின் ஓரத்திலேயே துடைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது பஸ் வரவில்லை. அந்த வரி மட்டும் நிறைவேறியது.

உத்தரவு வந்த அன்று காலை கண்டக்டர் படியிலேயே அந்த அம்மாளை மறித்தார். "கூடை ஏத்தக் கூடாதும்மா. உங்க ஊரு குடுத்த மனுதான், எல்லாரும் கைநாட்டு வச்சிருக்கீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே எழுதுனீங்க? அப்படி இல்லேன்னு சொல்லுங்க. இந்த பஸ்ஸ விட்டா மார்க்கெட்டு முடிஞ்சிரும். இத வித்தாத்தான் வீட்ல அடுப்பு எரியும்."

"நான் மட்டுமா எழுதுனேன்? எல்லாரும் சேந்துதானம்மா குடுத்தோம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

பஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீட் மட்டும் காலி. அதில் அவருடைய சும்மாடு கிடந்தது. கண்டக்டர் மறிப்பதற்கு முன்பே எனக்காக எறிந்திருக்கிறார். வழக்கத்தை மதித்து யாரும் அதில் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியே அவரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. துணியை ஜன்னலுக்கு வெளியே அவர் காலடியில் விழவிட்டு உட்கார்ந்தேன்.