யூசுஃப் பாயின் திரையில் இருந்த எண்

யூசுஃப் பாய் பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

விருத்தாசலத்தில் மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவன் நான். சூளையின் வெப்ப அட்டவணை ஒரே கோப்பாக சர்வரில் இருக்கும். எல்லா அறைகளிலிருந்தும் திறப்பார்கள். சூளை மேற்பார்வையாளர் யூசுஃப் பாய் அதைத் திறக்குமுன் வாசலில் நின்று, "அட்டவணை எங்கிட்ட இருக்குது, யாரும் தொடாதீங்க" என்று குரல் கொடுப்பார். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கும் பாய், தொண்டை ஏன் கிழியணும்?" என்று கேலி செய்து அதை நிறுத்தியவன் நான்தான்.

கேலியில் தப்பில்லை. ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்குப் பூட்டு விழும். ஆனால் கரண்ட் போய் வந்தால் அந்தப் பூட்டு சிக்கிக்கொண்டு யாருக்கும் கோப்பு திறக்காது, என்னைத்தான் ஏசுவார்கள். ஒரு நாள் எரிச்சலில் பூட்டையே நிறுத்திவிட்டேன். வேகத்துக்காக, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடமுள்ள நகலையே காட்டும்படியும் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சோம்பலா, திமிரா... இன்றும் தெரியவில்லை.

குறைந்த சூட்டிலேயே வேகும் புது மண் வந்தது. பாய் வெப்பத்தைக் குறைத்து எழுதிச் சேமித்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்து போனார். அதன்பின் மண் அறையிலிருந்த செல்வி, தன் பழைய நகலில் வேறெதையோ திருத்திச் சேமித்தாள். பாய் எழுதியது சர்வரில் அழிந்தது. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் சூளையடியிலிருந்த வேறு கம்ப்யூட்டரில் பார்த்த பழைய எண்ணுக்கே எரித்தார்கள். சூளையிலிருந்த அத்தனையும் கோணிப்போயின.

"நான் குறைச்சேங்க, வந்து பாருங்க" என்று பாய் மேனேஜரைத் தன் அறையிலிருந்த திரைக்கு அழைத்துப் போனார். அதில் குறைந்த எண். மேனேஜர் சற்று முன் தன் அறையில் பார்த்ததோ பழைய எண்.

"பாழான பிறகு மாத்திட்டு நாடகமா?" என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஒரே கோப்பு ரெண்டு விதமா காட்டுமா?"

"காட்டாதுங்க சார்" என்றேன்.

பாயை அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான் பூட்டைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டேன்.

அன்று பிடித்தது எனக்குச் சந்தேகம். செல்வி சிரித்தால், கண்டுபிடித்துவிட்டாளோ? மேனேஜர் கூப்பிட்டால், பழைய பதிவுகளை யாராவது தோண்டினார்களோ? நீங்கள்கூட... இதைப் படித்துவிட்டு யாரிடம் சொல்வீர்கள்?

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பாய் எதிரே வந்துவிட்டார். தெரிந்துதான் வருகிறாரோ என்று அவர் முகத்தையே துழாவினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் தம்பி... நானேதான் பிறகு மாத்திட்டு மறந்துட்டேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. அப்படி இருக்குமா?"

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னிடம் கேட்கிறார்! உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கலாம் பாய்" என்றேன்.

அவர் அதை நம்பிவிட்டார்.