தங்கூசியில் கோத்த மாலை

சிமென்ட் தரையில் துளசிமணி உருளும் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால், தகரக் கூரையில் முதல் தூறல் விழுவதுபோல் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தச் சத்தத்தைக் கேட்டது எங்கள் கோட்டுச்சேரி வீட்டில் நான் ஒருத்திதான். கூடத்து வெறுந்தரையில் கறுப்பு வேட்டியோடு தூங்கிக்கொண்டிருந்த அப்பா புரண்ட புரளலில் கழுத்து மாலை அறுந்து, மணிகள் மூலைக்கொன்றாக ஓடின. அவர் விழிக்கவில்லை. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாலை எங்களுக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. சரக்கு மலிவு என்று எல்லை தாண்டி பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது; உள்ளூர்க்காரனுக்குத் தூரம் என்ற சாக்குகூடக் கிடையாது. வருஷம் முழுக்கக் கை நடுங்கும் மனுஷன், கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டதும் நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொடமாட்டார். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், சரணம், வேலை. "வந்து கொட்டிக்க" என்று தட்டைத் தள்ளும் அம்மா, "சாமி, சாப்பிட வாங்க" என்பாள். நானும் அவரை "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவரும் "சொல்லுங்க சாமி" என்பார், ஒன்பது வயது வாண்டைப் பார்த்து! அந்த வருஷம் எங்கள் அடுப்படிக்கும் டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்திருந்தார். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுவார். "நாப்பத்தெட்டு நாள் இருந்தீங்கள்ல, நாப்பத்தொம்பதாவது நாள் இருக்க முடியாதா?" என்று அம்மா மல்லுக்கு நிற்பாள். ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான்: "அது நானாடி? மாலை இருந்துச்சு, சாமி பாத்துக்கிட்டாரு. என்னால எல்லாம் ஆவாது."

ஆக, அன்று மத்தியானம் தரையில் ஓடியது வெறும் மணி அல்ல. விரதத்தின் பத்தாவது நாள் அது. மாலை அறுந்தது தெரிந்தால் மிச்ச முப்பத்தெட்டு நாளும் போச்சு என்று என் மூளை மின்னலாகக் கணக்குப் போட்டது. குருசாமியிடம் சொன்னால் முறைப்படி வேறு மாலை போட்டுவிடுவார் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கூரை இறவாணத்தில் செருகியிருந்த அப்பாவின் தூண்டிலிலிருந்து "தங்கூசி"யை, அதுதான் அந்த நைலான் நரம்பை, இரண்டு முழம் பல்லால் கடித்து அறுத்தேன். அதில் மணிகளைக் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவர் பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டேன். ஒரு மணி கிடைக்கவே இல்லை. போதாததற்கு, அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அடுத்த தெரு பர்வீன் வீட்டில் இறால் பிரியாணி ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்திருந்தேன். கையில் இன்னும் வாசம் போகவில்லை.

சவரம் செய்யாத நாட்களில் அப்பா கண்ணாடி பார்ப்பதில்லை. பிடரியை எப்போதும் துண்டு மறைத்திருந்தது. நாற்பத்தெட்டு நாளும் குடிக்காமல் இருந்தார், மலை ஏறினார், இறங்கினார், மாலையைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரியபோது நான் வாசலை மறித்து நின்றேன். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வெடி.

"அப்பா, மாலை பத்தாவது நாளே அறுந்துடுச்சு. நான்தான் தங்கூசில கோத்து மாட்டிவிட்டேன். எறா தின்ன கையி. சாமியெல்லாம் அன்னிக்கே போயிருக்கும். மிச்ச நாள் குடிக்காம இருந்தது நீங்கதாம்பா!"

அவர் அவசரமாக அந்தத் துணியைப் பிரித்து நரம்பைத் தடவிப் பார்த்தார். அப்படியே சப்பென்று உட்கார்ந்தார். அன்று கடைக்குப் போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனேன், முட்டாள்.

காலையில் குருசாமியைப் பார்க்கப் போனார். "புள்ள தெரியாம செஞ்சது சாமி, தப்பில்ல, அடுத்த வருசம் நல்லபடியா போடுங்க" என்று அவர் சொன்னாராம். அப்பா காதில் அது ஏறவில்லை. "அதுவா அறுத்துக்கிட்டு ஓடியிருக்கு பாரு. சாமிக்கே என்னைய வேணாம்னு ஆயிடுச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், அன்றுதான் முதல்முறையாகப் பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்தார். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அடுத்த கார்த்திகைக்கு அம்மா கறுப்பு வேட்டி வாங்கி வைத்தாள். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "நாப்பத்தெட்டு நாளா? ஒரு நாளே நமக்கு ஆவாது." அதற்குப் பிறகு எந்த வருஷமும் மாலை போடவில்லை. நான் முயன்றது அவரை அவரே நம்பவேண்டும் என்று. கடைசியில் அவருக்கிருந்த ஒரே நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டேன்.

இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். தன்னால் முடியும் என்று நம்புகிறவர்தான் குடியை நிறுத்த முதல் அடியே எடுத்துவைப்பார், முன்பு ஒரு தடவை முடிந்திருந்தால் அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மேடம் பாடம் நடத்தியபோது வகுப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியே போகச் சொன்னார். போனேன்.

போன வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். கண் மஞ்சள், கால் வீக்கம். "இதுக்கு முன்னாடி எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லீங்க சார்."

"பொய் சார். ஆறு வருஷம், வருஷத்துக்கு நாப்பத்தெட்டு நாள்" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "அது நான் இல்லீங்க சார்" என்றார்.

டாக்டர் சீட்டில் "இல்லை" என்றே எழுதிக்கொண்டார்.

கார்த்திகை வந்தால் தெருவில் கறுப்பு வேட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் "சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அடுப்படியில் ஜன்னல் வரைக்கும் டைல்ஸ் இருக்கிறது, இன்னமும் நூல் பிடித்த மாதிரி. அதற்கப்புறம் வெறும் சிமென்ட். மிச்சத்தை மலைக்குப் போய்வந்து முடிப்பதாக அப்பா சொல்லியிருந்தார்.