கரும்பலகையில் வந்த அம்மா

கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து இடித்து, அந்தக் கறுப்புச் சாந்தைத் தென்னந்தும்பால் பலகையில் தேய்த்துவிட்டால் எழும் பச்சை மணம், ஈரம் காயும்வரை எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும். மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சிறு தெரு, பெரிய தெருவில் ஏறும் இடத்தில் ஒரு வாசிகசாலை இருந்தது. அதன் பக்கச் சுவரில் அறைந்திருந்த கரும்பலகைக்கு மாதத்தில் ஒரு முறை இப்படிக் கறுப்புப் பூசுகிறவர் பாலர் பாடசாலையில் படிப்பித்த பவளக்கா. பூசிய மறுநாள் எழுத்துகள் பளிச்சென்று தெரியும். வாசிக்கத் தேவையில்லாதவர்கள்கூட நின்று வாசித்துவிட்டுத்தான் போவார்கள்.

கைத்தொலைபேசி எங்களிடம் வந்து சேராத காலம் அது. ஊர்ச் செய்தி என்றால் அந்தப் பலகைதான். “ஞாயிறு காலை சிரமதானம், மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வரவும்” என்றும், “நாளை குழாய்த் தண்ணீர் வராது” என்றும், “காதில் வெட்டுள்ள மறியாடு ஒன்றைக் காணவில்லை” என்றும், இன்னாருக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றும் பவளக்கா விடியற்காலையில் எழுதிவிட்டுப் பாலர் பாடசாலைக்குப் போவார். வேலைக்குப் போகும் ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி வாசிப்பார்கள். வீட்டில் போர்த்துக்கீசும் தமிழும் கலந்து பேசுகிற மேபல் அன்ரிக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும் என்பதால், வழியில் அகப்படும் பிள்ளை ஒன்றைப் பிடித்து நிறுத்தி உரத்து வாசிக்கச் சொல்வார். தையல்காரி அவர், எங்கள் ஒழுங்கையில் அவர் கையால் தைத்த சட்டையைப் போடாத பெண்பிள்ளை இல்லை.

பலகையின் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு கோடு கிழித்து, “சிறுவர் மூலை” என்று பவளக்கா எங்களுக்கு ஒதுக்கித் தந்திருந்தார். அதில் எதையும் கேட்காமலே எழுதலாம். எல்லே என்ற மட்டைப்பந்து விளையாட்டில் எந்த அணி வென்றது, யாருடைய பூனை எத்தனை குட்டி போட்டது, இவைதாம் எங்கள் செய்திகள். என் எழுத்து உருண்டையாக, வரிசை பிசகாமல் இருக்கும். அதில் எனக்கு வெளியில் காட்டாத கர்வம் ஒன்று இருந்தது.

மூன்று வீடு தள்ளி இருந்தவள் சுகந்தி. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள். அவளுடைய அம்மா தவமணி, அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அதன்பிறகு திரும்பி வரவில்லை. அப்பா மேசன் வேலைக்காரர். திங்கட்கிழமை விடியக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வேலைக்குப் போனால் சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். சுகந்தியைப் பார்த்துக்கொண்டது அவளுடைய மாமி, அப்பாவின் தங்கை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தியில் இருந்த “கொமினிகேசன்” கடைக்கு அம்மாவின் அழைப்பு வரும். சுகந்தி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு “ஓம்... ஓம்...” என்று மட்டும் சொல்வாள். அம்மாவைப் பற்றி எங்களிடம் அவள் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகந்தி மாமியுடன் கல்லடிக் கோயிலுக்குப் போயிருந்த மாலையில், நான் கட்டம் போட்ட கொப்பி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கூட்டுக்குள் சுகந்தியின் அப்பா நின்றார். “வெள்ளிக்கிழமை விடியக் கோச்சியிலயா? நிச்சயம்தானே? ஓம், ஸ்டேசனுக்கு நான் வாறன்” என்று அவர் சொன்னது கதவிடுக்கு வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுகந்தியின் அப்பா சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. யுத்தத்தில் நின்றுபோன ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, மட்டக்களப்புக்குத் திரும்பவும் ஓடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. குவைத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கோச்சி, கோச்சியில் அம்மா என்று என் மனம் ஒரு நொடியில் கணக்கை முடித்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து, தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காகப் பவளக்கா வாழைச்சேனைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் சிறுவர் மூலையைத் துடைத்துவிட்டு, என்னால் முடிந்த அழகோடு எழுதினேன்: “சுகந்தியின் அம்மா வெள்ளிக்கிழமை காலை குவைத்திலிருந்து வருகிறார்.”

சுகந்தி வந்து பார்த்தாள். வாசித்த பிறகும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, “உண்மையா?” என்று கேட்டாள்.

“உங்கட அப்பாதான் சொன்னவர்” என்றேன்.

அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னவர் என்ற அந்த ஒரு சொல் எனக்கு அப்போது பொய்யாகவே தோன்றவில்லை. கேட்டதும் சொன்னதும் ஒன்றுதானே என்றிருந்தது.

அதன்பின் நடந்தவை என் கையில் இல்லை. மாமிக்கு முதலில் சந்தேகம்தான். ஆனால் தமையன் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவர் என்பதால், பிள்ளைக்குத் தெரியாமல் கூட்டிவந்து நிறுத்தப் பார்க்கிறார் என்று அவர் தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். வேலைத்தளத்தில் இருப்பவரைக் கேட்கவும் வழியில்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து முற்றத்துப் புல்லைச் செருக்கி எடுத்தார்கள். என் அம்மா எங்கள் வீட்டுப் புதுப் பாயைக் கொடுத்தனுப்பினார். விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் குருத்தோலை வெட்டித் தோரணம் கட்டினார்கள். மேபல் அன்ரி கேக் போட்டார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி, பலகையை வாசித்துவிட்டுச் சுகந்திக்கென்று இரண்டு சிவப்பு ரிப்பன்களை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் சுகந்தி வகுப்பில் ஓயாமல் பேசினாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் யாரும் பள்ளிக்குப் போகவில்லை. ஒழுங்கை முனையில் காலையிலேயே ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏழு மணியளவில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சுகந்தியின் அப்பா இறங்கினார். குனிந்து, கயிறு போட்டு வரிந்த பெரிய பெட்டி ஒன்றை இழுத்து இறக்கினார். சுகந்தி ஓட்டோவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். இருக்கையில் யாரும் இல்லை.

“அம்மா பின்னால வாறாவா அப்பா?”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அம்மாவா? பெட்டிதான் மகள் வந்தது. ஏறாவூர்ப் பிள்ளை ஒண்டு வரக்குள்ள அம்மா குடுத்துவிட்டவ” என்று சொல்லிக்கொண்டே தலையை நிமிர்த்தியவர், தோரணத்தையும் கேக்கையும் நிற்பவர்களின் முகங்களையும் கண்டார். யாரோ பலகையைக் காட்டினார்கள். அருகில் போய் அந்த ஒற்றை வரியை வெகுநேரம் வாசித்தார். பிறகு திரும்பி, “வந்த ஆக்கள் வீட்ட வாங்க. டீ குடிச்சிற்றுப் போங்க” என்றார். மறுக்க முடியாமல் எல்லாரும் போனார்கள். நான் வீட்டுக்கு ஓடி, கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் இருந்துகொண்டேன்.

என் அம்மா என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கையைப் பிடித்துச் சுகந்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெட்டி திறந்திருந்தது. மணிவேலை செய்த வெள்ளைச் சட்டை ஒன்றைச் சுகந்திக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமி. தோளில் இறுகி, அதற்கு மேல் இறங்க மறுத்தது. கை முழங்கைவரைகூட வரவில்லை. மாமி ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“நான் இன்னும் மூண்டாம் வகுப்பெண்டு நினைச்சிருக்கா அம்மா” என்றாள் சுகந்தி. அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கெல்லாம் இலேசாக இருந்திருக்கும்.

நான்தான் எழுதினேன், அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கடையில் கேட்டதை வைத்து எழுதினேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். சொல்லும்போது அழுகை பாதியை விழுங்கிவிட்டது. சுகந்தியின் அப்பா என்னைப் பார்த்தார். “அண்டைக்கு நான் சிரிச்சனானே. அதைக் கண்டுதான் புள்ள எழுதியிருக்கு” என்றார், யாரிடமும் குறை இல்லாதவரைப் போல. ஆனால் சுகந்தி என் பக்கம் திரும்பவில்லை.

மேபல் அன்ரிதான் கேக் தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழும்பினார். சட்டையை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, இதைப் பெருப்பிக்கத் துணி காணாது என்றார். பிறகு தன் பையிலிருந்து நூற்பந்தை எடுத்து, சுகந்தியைச் சுவரோடு நிமிர்ந்து நிற்கச் சொன்னார். உச்சியில் நூலைப் பிடித்துக்கொண்டு, “நீ கீழ பிடி” என்று மறுமுனையை என்னிடம் தந்தார். நான் முழந்தாளிட்டு, நூலை அவளுடைய குதிக்காலடியில் வைத்துப் பிடித்தேன். சுகந்தி குதிக்காலை என் விரலின் மேல் வைத்து அழுத்தினாள். வலித்தது. நான் விரலை எடுக்கவில்லை. அளந்து வெட்டிய நூலைச் சுருட்டி அவளுடைய அப்பாவின் கையில் கொடுத்த மேபல் அன்ரி, அடுத்த கடிதத்துக்குள் இதை வைத்து அனுப்பும்படியும், சட்டை வாங்குவதென்றால் இந்த அளவுக்கு வாங்கச் சொல்லும்படியும் சொன்னார்.

அன்று பின்னேரம் பவளக்கா வந்தார். எழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று அவருக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, “நீ கண்டியா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தார். சிறுவர் மூலையின் கோட்டை அழிக்கவில்லை. எழுதக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனாலும் அதன்பிறகு நான் அங்கே எழுதவில்லை. வகுப்பில் சுகந்தி என் பக்கத்திலேயே இருந்தாள். அழிக்கும் றப்பரை இரவல் கேட்பதற்குக்கூடப் பின்வரிசை வாங்கில் இருந்தவளிடம் திரும்பினாள். இப்படிப் பத்து மாதம் போனது. மாரி மழைக்கு வாவி பெருகி எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, இரண்டு வீட்டாரும் வாசிகசாலையில் ஒரே பாயில் மூன்று நாள் இருந்தோம். அப்போதும் அவள் பேசவில்லை.

அடுத்த பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், இரண்டு பைகளோடு சுகந்தியின் அம்மா தவமணி அன்ரி பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் வரப்போவது கணவருக்கு மட்டும் தெரியும். முன்பு நடந்ததை நினைத்து அவரும் தன் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை. ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. கடைக்காரரின் நாய் மட்டும் வீடுவரை கூடவே போனதாம். சுகந்தி பள்ளி விட்டு வந்தபோது கிணற்றடியில் ஒரு பெண் தலை துவட்டிக்கொண்டு நின்றார். அவள் வாசல் படலையிலேயே நின்றுவிட்டாளாம். வேலை செய்த வீட்டார் இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கும்படி கேட்டும் வந்துவிட்டதாகத் தவமணி அன்ரி பிறகு என் அம்மாவிடம் சொன்னார். “நூலச் சுவரில பிடிச்சுப் பார்த்தன். என்ட தோளுக்கு வந்து நிண்டது. அதுக்குப் பிறகு அங்க நிற்க மனம் வரல்லகா.”

மறுநாள் காலை சிறுவர் மூலையில் சாய்வான எழுத்தில் ஒரு செய்தி இருந்தது: “எனது அம்மா வந்துவிட்டார். நான் கண்டேன்.”

நான் வாசித்துக்கொண்டு நின்றபோது பின்னால் குரல் கேட்டது. “எழுத்துப் பிழை இருக்கா?”

“இல்ல” என்றேன்.

“வா, நேரமாகுது” என்று சுகந்தி பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். நானும் அவளோடு நடந்தேன்.

பெரிய தெருவை அகலித்தபோது வாசிகசாலைச் சுவர் போயிற்று. பலகை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பவளக்கா இல்லை. மேபல் அன்ரி பிள்ளைகளிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே காலமானார். ஒழுங்கைச் செய்தியெல்லாம் இப்போது கைத்தொலைபேசிக் குழுவில் வருகிறது. தண்ணீர் வராததும் வருகிறது, மரணமும் வருகிறது. கல்லடியில் என் வீட்டில் படுத்தபடியே பார்த்து, ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். சுகந்தியின் அப்பாவுக்குச் சென்ற மாதம் ஆண்டுத் திவசம் என்ற செய்தியும் அப்படித்தான் வந்தது. அதற்கு மட்டும் நேரில் போனேன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, வாழைச்சேனையில் படிப்பிக்கும் சுகந்தி பிள்ளைகளைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தாள். நானும் தவமணி அன்ரியும் குசினியில் இருந்தோம். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் பேசாத அந்தக் கதையை நானே எடுத்தேன். அந்தச் செய்தியை எழுதியது நான்தான் என்றேன். தெரியும் என்றார். தெரியாத ஒன்றை அவர் கேட்டார்.

“அண்டைக்கு என்னப் பாக்கெண்டு ஆராரு வந்து நிண்டவக?”

கணவர் அதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லையாம். நான் சொன்னேன். கேக்கோடு மேபல் அன்ரி, தன் வியாபாரத்தை விட்டு நின்ற நானா, தோரணம் கட்டிய பெடியன்கள், கைக்குழந்தையோடு எதிர்வீட்டு அக்கா, என் அம்மா, புதுச்சேலை உடுத்திய மாமி. அவர் ஒவ்வொரு பேருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தார். நான் நிறுத்தியதும் மடித்த விரல்களைப் பார்த்தபடி,

“மறுகா ஆரு?” என்று அடுத்த விரலைத் தொட்டார்.

நான் யோசித்து, இன்னும் இரண்டு பேரைச் சொன்னேன்.