மேல்தட்டில் எள்ளளவு சிவப்பு

அப்பாவுக்கு மலை ரோட்டு வேலை. அதனால் நாங்களும் மேலே வந்து சோளக்காட்டுப் பக்கம் குடிசை போட்டிருந்தோம். அங்கே ஓர் ஓட்டு வீட்டில் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். மெட்ராஸில் கப்பல் கம்பெனிக்கு விளம்பரப் படம் வரைந்தவராம். நெஞ்சுச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று வந்தவர், இங்கேயும் கப்பல்தான் வரைந்தார். எல்லாம் ஒரு காலத்தில் சனங்களை ஏற்றிக்கொண்டு ஓடி, அப்புறம் உடைத்துப்போட்ட கப்பல்கள். நான் அவருக்கு வாசல் கூட்டித் தண்ணீர் எடுத்து வைப்பேன்.

ஒருநாள் கேட்டார். "கண்ணு, அந்தப் பாறை மேல கொஞ்சம் நிக்கிறியா? கப்பல் பொகை இந்தப் பக்கம் போகுது. மேல்தட்டுல நிக்கிற பொம்பளை சேலையும் அதே பக்கந்தான் பறக்கணும். எப்படிப் பறக்குதுன்னு பாக்கணும். மூஞ்சி எல்லாம் தெரியாது."

நான் பயப்படக் கூடாதென்று அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் காலையில் போய் நின்றேன். சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து போனவர்கள் பார்த்தார்கள். பேச்சு மலை இறங்கி முள்ளுக்குறிச்சிக்குப் போய்விட்டது. அங்கேதான் எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது.

"ஊரான் முன்னால நின்னு மூஞ்சிய எழுதக் குடுத்த புள்ள எங்களுக்கு வேண்டாம்" என்று மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்து சொன்னான்.

"எம்புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க. படத்தப் பாத்துட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க" என்று அப்பா அவனிடம் மல்லுக்கு நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மாவும் மாமனும் ஏறி வந்தார்கள். பெரியவர் தன் வீட்டு வாசலில் படத்தை வெளிச்சத்தில் சாத்தி வைத்தார். கறுப்புக் கப்பல், மூன்று புகைபோக்கி. இரும்புத் தகட்டில் அடித்த ஆணிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"ஏனுங்க, இதுல இவ எங்கீங்க?" என்றார் மாமன்.

பெரியவர் பிரஷ் காம்பால் தொட்டுக் காட்டினார். மேல்தட்டில் எள்ளளவு சிவப்பு.

"இந்த எறும்புக்கா நாம மலை ஏறுனோம்?" என்றார் மாமன்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார். பெரியவரும் நல்லது நினைத்துத்தான் வாய் திறந்தார்.

"மூஞ்சி தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேம்மா. பொண்ணு கேக்கல. தெனம் மஞ்சள் பூசி, பூ வெச்சுட்டு வந்துதான் நிக்கும். இந்தப் பக்கம் திரும்பட்டுங்களான்னு வேற கேக்கும்."

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூஞ்சி வரும்னு நெனச்சியா, புள்ள?"

"இல்லீங்க அத்தை." எனக்கே அது கேட்கவில்லை.

"சரி, எறும்புதானே, போகட்டும்" என்றார். கல்யாணத்துக்கு நாள் பேசிவிட்டுத்தான் இறங்கினார்கள்.

வீடு திரும்பும்போது அப்பா முன்னால் நடந்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே கேட்டார்.

"அவ்வளவு ஆசையா சாமி உனக்கு?"

கேட்டுவிட்டு அவர் எட்டி நடந்தார். நான் பின்தங்கியே வந்தேன்.