ஒரு தாளில் கழித்தல், ஒரு தாளில் கூட்டல்

நான் பி.காம். படித்தவள். லாபம் என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் லாபம் வந்திருக்கிற கம்பெனியில் சம்பளம் போட ஏன் பணம் இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்றுதான் விழித்திருப்பேன். கல்லூரியில் அதையும் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது.

நான் கணக்கு பார்ப்பது ஆம்பூரில் ஒரு சின்ன யூனிட்டில். ஷூவின் மேல்பாகத்தை மட்டும் செய்கிறோம். எங்கள் பக்கம் அதற்கு அப்பர் என்று பெயர். அதற்கு அடி ஒட்டி, பெட்டியில் போட்டு, வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரிய கம்பெனிகளின் வேலை. அவர்களுக்கு அங்கிருந்து பணம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தருவார்கள். சரக்கை ஏற்றி பில் போட்ட அன்றே எங்கள் கணக்கில் லாபம் வந்துவிடும், பணம் வர மாதக்கணக்கில் ஆகும். லாபம் காகிதத்தில் உட்கார்ந்திருக்கும், நாங்கள் பேங்க் வாசலில் உட்கார்ந்திருப்போம்.

இது பேங்க்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் லாபத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கேஷ் ஃப்ளோ தாளை எடுங்கள் என்பார்கள். அதில் அவர்கள் முதலில் பார்ப்பது, தொழிலை நடத்தியதால் மட்டும் வந்த ரொக்கம், அதாவது ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ, எவ்வளவு என்பதை. கடன் வாங்கியதும் மிஷின் விற்றதும் அதில் சேராது. போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லாபத்தில் ஆரம்பிக்க வேண்டும். வாடிக்கையாளர் இன்னும் தராமல் வைத்திருப்பது போன வருடத்தைவிட ஜாஸ்தியா, அதைக் கழி. குடோனில் தோல் கூடுதலாகக் கிடக்கிறதா, அதில் முடங்கிய பணத்தையும் கழி. நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியது ஏறியிருக்கிறதா, அதைக் கூட்டு. கொடுக்காத பணம் நம் கையில்தானே நிற்கிறது! வம்பெல்லாம் இந்தக் கடைசி வரியில்தான்.

எங்கள் முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு வருடம் பேங்க்கில் கடன் லிமிட்டை உயர்த்திக் கேட்டிருந்தார். மார்ச் பிறந்ததும் ஆடிட்டர் வேலூரிலிருந்து போன் செய்தார்.

"மேடம், ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ மைனஸ்ல இருந்தா பேங்க்ல பேச்சே கிடையாது. மார்ச் முடியற வரைக்கும் யாருக்கும் எதுவும் குடுக்காதீங்க. ஏப்ரல்ல எல்லாத்தையும் செட்டில் பண்ணிக்கலாம்."

இது ஒன்றும் திருட்டு வேலை இல்லை. மார்ச் மாதம் செக்கை இழுத்துப் பிடிப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் யாரை இழுத்துப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. தோல் கொடுப்பவரை நிறுத்தினால் அவர் தோலை நிறுத்திவிடுவார். கரண்ட் பில் கட்டாவிட்டால் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள். கம்பெனி ரோலில் பெயர் இருப்பவர்களின் சம்பளத்தில் பி.எஃப். எல்லாம் இருக்கிறது, கை வைக்க முடியாது. கடைசியில் மிஞ்சியது வீட்டில் உட்கார்ந்து அப்பரைக் கையால் தைக்கும் பெண்கள். அவர்களிடம் பில் புத்தகம் கிடையாது, வக்கீல் கிடையாது. இந்த ஊரில் பொறுத்துக்கொள் என்று யாரிடம் சொல்ல முடிகிறதோ, அவர்கள்தான் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறார்கள். வட்டியும் கேட்பதில்லை.

அந்தப் பெண்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு அம்மா உண்டு. எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்தான். திங்கட்கிழமை வெட்டிய தோலைக் கட்டுக் கட்டாக ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் தெருவில் வீடு வீடாகக் கொடுப்பார். சனிக்கிழமை தைத்ததை வாங்கிவந்து, எல்லோருடைய கூலியையும் வாங்கிப் போவார். அந்தம்மா வந்தால் கேட்டிலிருந்தே தெரியும். "ரெண்டு ஜோடி கம்மியா போட்டிருக்கீங்க", "இந்தத் தோல்ல ஊசி எறங்கல, ரேட்டை ஏத்துங்க" என்று சண்டை இல்லாமல் ஒரு சனிக்கிழமையும் போனதில்லை. எனக்கு அவரைக் கண்டாலே தலைவலி வரும்.

மார்ச்சில் முதல் சனிக்கிழமை, ஆடிட்டர் சொன்னபடி பணம் இல்லை என்றோம். கத்தினார். அடுத்த சனிக்கிழமையும் இல்லை. கத்தல் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரங்களில் வந்தார், கட்டை இறக்கினார், ஜோடியைக்கூட எண்ணாமல் போய்விட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த வருடம் ரம்ஜான் நோன்பு மாதம் மார்ச்சில் வந்தது. ஈஸ்டர் மார்ச்சின் கடைசி நாளில் விழுந்தது. ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தம்மாவைப் பார்த்தேன். கையில் குருத்தோலை, காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்.

"இன்னாமா, கம்மல் எங்க?"

"பாலிஷ் போட குடுத்திருக்கேன்கா."

கேட் வரைக்கும் கூடவே வந்தவர், தானாகவே ஆரம்பித்தார்.

"கோயில் வாசல்ல பொய் சொல்ல வரலக்கா. அடகு வெச்சிட்டேன். அவங்கள்லாம் உங்க கம்பெனியப் பாத்தா தைக்கிறாங்க? என் மூஞ்சியப் பாத்து தைக்கிறாங்க. பண்டிகைக்குப் புள்ளைங்களுக்கு ஒரு துணி எடுக்கணும்னு வந்து கதவத் தட்டுறாங்க. கம்மல் காசு இருந்த வரைக்கும் குடுத்தேன். இப்ப சாயந்தரமானா லைட்ட அணைச்சிட்டு உள்ளயே உக்காந்துகினு இருக்கேன். யாருக்கும் பயந்தவ இல்லக்கா நானு."

வீட்டுக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஆடிட்டரைத் திட்டினேன், பேங்க்கைத் திட்டினேன், வீட்டுக்காரர் எதற்கென்று தெரியாமல் அவரும் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பாயின் மேஜையில் இரண்டு தாள்களை வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, மார்ச் முடிவில் கேஷ் ஃப்ளோ எப்படி வரும் என்ற உத்தேசக் கணக்கு. இன்னொன்று அவருடைய ஜக்காத் கணக்கு. நோன்பு மாதத்தில், தன் சொத்து இவ்வளவு என்று பார்த்து அதில் ஏழைகளுக்குச் சேர வேண்டிய பங்கை ஒதுக்குவார். கையில் இருக்கும் பணம், சரக்கு, வர வேண்டியது எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, வருடா வருடம் நான்தான் போட்டுக் கொடுப்பேன். கிறிஸ்தவப் பொம்பளை போட்ட ஜக்காத் கணக்கு என்று அவருடைய சொந்தக்காரர்கள் கேலி செய்வார்களாம். தப்பு இருந்தால் சொல்லச் சொல்லுங்கள் என்பேன். இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் போனபோது பாய் வேறொரு நினைப்பில் இருந்தார்.

"அம்மா, நம்ம கைத்தையல் பொம்பளைங்களுக்கு இந்தத் தடவை ஆளுக்கொரு அரிசி மூட்டை குடுத்துடலாம். பாவம், கஷ்டப்படுறாங்க. ஜக்காத்துல இல்ல, தனியா என் கையிலருந்து குடுக்கிறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். சத்தியமாக அதில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும் என்று தாள்களை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது? கைத்தையல் பாக்கி. ஜக்காத்துல கழிச்சிருக்கீங்க, பேங்க் தாள்ல கூட்டியிருக்கீங்க. ஒரே தொகைதானே? எது தப்பு?"

"ரெண்டும் சரிதான் பாய். ஜக்காத் கணக்கு உங்க சொத்து எவ்ளோன்னு கேக்குது. அவங்க கூலி உங்க சொத்து இல்ல, அதனால கழிக்கிறோம். பேங்க் தாள், இந்த வருஷம் தொழில்ல எவ்ளோ ரொக்கம் நின்னுச்சுன்னு கேக்குது. குடுக்காததால அது நம்ம கையில நிக்குது, அதனால கூட்டுறோம்."

"கூட்டலன்னா?"

"மைனஸ்."

"அப்ப நான் பேங்க்ல கொண்டுபோய் காட்டப்போற பிளஸ்ஸு..."

"அவங்க கூலி பாய். அதுல கட்டு எடுத்துனு போற அந்தம்மா கம்மலும் இருக்குது."

குருத்தோலை ஞாயிறு விஷயத்தைச் சொன்னேன். லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"கூலியக் கையில வெச்சிகினு, அரிசி குடுக்கப் பாத்தேனே!"

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவரும் என்ன செய்வார்? பெரிய கம்பெனி இவரை நிறுத்தி வைத்திருக்கிறது, இவர் அந்தம்மாவை நிறுத்தி வைத்திருக்கிறார், அந்தம்மாவுக்கு நிறுத்தி வைக்க ஆள் இல்லை. காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

குடோனில் பாதி பதனிட்ட தோல் கொஞ்சம் கிடந்தது. பக்ரீத் முடிந்த பிறகு விலை குறைந்த நேரத்தில் பாய் வாங்கிப் போட்டது. ரேட் ஏறும் ஏறும் என்று அதைப் பார்த்துக்கொண்டே வருடத்தை ஓட்டிவிட்டார். ரேட் இறங்கிக்கொண்டே போனது. விற்கலாம் பாய் என்று நான் சொன்ன போதெல்லாம் காது கேட்காத மாதிரி இருப்பார். தோலில் பிறந்து வளர்ந்தவர், தோலை நஷ்டத்துக்கு விற்பது அவருக்கு அவ்வளவு சுலபம் இல்லை. அன்றைக்கு அவரே போனை எடுத்துப் பேரணாம்பட்டில் ஒரு தோஸ்துக்கு அடித்தார். வாங்கிய விலைக்கும் கீழே பேசி முடித்தார். ஒரே ஒரு நிபந்தனை, பணம் சனிக்கிழமைக்குள் அக்கவுண்ட்டுக்கு வர வேண்டும்.

ஆடிட்டர் துள்ளிக் குதித்தார். "இன்னாங்க மேடம் பேஜார் பண்றீங்க? ஸ்டாக்கை வித்து லாபத்தைக் குறைச்சிட்டீங்க, பாக்கியக் குடுத்து பிளஸ்ஸையும் குறைக்கப் போறீங்க. ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

"ஈஸ்டர் பொறுக்காது சார்" என்று வைத்துவிட்டேன்.

தோல் வியாழக்கிழமை வண்டி ஏறிவிட்டது. பணம் வரவில்லை. வெள்ளிக்கிழமை புனித வெள்ளி, பேங்க் லீவு. மூன்று மணி நேர ஆராதனையில் எனக்கு ஒரு வார்த்தை மனசில் நிற்கவில்லை. இயேசு மன்னிப்பாராக, அவர் சிலுவையில் இருந்தபோது நான் பேரணாம்பட்டில் இருந்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பாய் இரண்டு முறை என் அறை வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மதியம் தாண்டித்தான் பணம் வந்த மெசேஜ் வந்தது. அடித்துப் பிடித்து ஓடிப்போய் பேங்க் மூடுவதற்குள் எடுத்துவந்தோம்.

சாயந்தரம் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்தம்மாவைக் கூப்பிட்டு, மார்ச் மாதம் முழுவதற்கும் உள்ள கூலியைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆபீசுக்கு வந்திருந்த நோன்புக் கஞ்சியில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் போனபோது கடைகள் மூட இன்னும் நேரம் இருந்தது.

மறுநாள் விடியற்கால ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் நின்றார். காதில் குச்சிதான்.

"அடகுக்கடை நாளைக்கித்தான் தொறப்பான்கா" என்றார். "நேத்து எங்க வீட்டுக் கதவு ராத்திரி வரைக்கும் தொறந்தேதான் கெடந்துது. எல்லாரும் வந்து வாங்கினு போனாங்க."

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் உயிர்த்தெழுதலுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கணக்கை முடித்தபோது லாபம் குறைந்திருந்தது. தோல் பணமாக மாறியதால் ரொக்கம் பிளஸ்ஸில்தான் நின்றது, ஆனால் சின்னப் பிளஸ். ஆடிட்டர் ஆசைப்பட்டதில் பாதிகூட இல்லை. பேங்க் மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். தாளில் ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

"வருஷக் கடைசியில இந்தப் பாக்கியை ஏன் சார் குடுத்தீங்க? ரெண்டு நாள் கழிச்சிக் குடுத்திருந்தா ஃபிகர் நல்லா இருந்திருக்குமே?"

பாய் என்னைப் பார்க்கவில்லை. "அது எங்க காசு இல்ல சார்" என்றார்.

மேனேஜர் பழைய லிமிட்டைப் புதுப்பித்துக் கொடுத்தார், உயர்த்தித் தரவில்லை. கேட்ட பணம் கிடைக்காததால் வாங்க நினைத்திருந்த புது மிஷின் அந்த வருடம் இல்லை என்றாகிவிட்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில் பாய் வெளியே பார்த்தபடி வந்தார். வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது, எனக்கும் இருந்தது.

யூனிட் கேட்டில் இறங்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அந்தம்மாதான். ஒரு கட்டை அவிழ்த்துத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு, சூப்பர்வைசரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். காதில் கம்மல் இருந்தது.

"வந்தீங்களா பாய்? ரெண்டு ஜோடி கம்மி! எண்ணிப் பாருங்க, நீங்களே எண்ணிப் பாருங்க!"

பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எண்ண ஆரம்பித்தார்.