சரளா துண்டித்த அழைப்பு

சரளா போய்விட்ட செய்தி எனக்கு அலுவலகக் குழுவில்தான் வந்தது. காலை ஏழே முக்கால், அடுப்பில் பால். "சரளா மேடம் நோ மோர்" என்று ஒரு வரி, பக்கத்தில் கூப்பிய கைகள். எப்போது, எப்படி, எங்கே என்று ஒன்றும் இல்லை. அவள் மட்டும் இதைப் பார்த்திருந்தால் போட்டவனைப் பிடித்து, "டைம் போட மாட்டியா? யாரு சொன்னதுன்னு போட மாட்டியா? இன்னாடா டைப்பிங் இது?" என்று உலுக்கி எடுத்திருப்பாள். எனக்கு முதலில் வந்தது அந்த நினைப்புதான். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகே அழுகை வந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பு என்று பிற்பாடு அவள் தம்பி சொன்னார். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. எனக்கும் அதேதான்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. பதினான்கு ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் இருந்து என் டிபன் டப்பாவில் கை வைத்தவளை அப்படி எழுத எனக்கு வரவில்லை. அவளைத் தெரிந்த நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் வேலை பற்றி, தெரியாதவர்களுக்காக, கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல்கள் ஒலிப்பதிவுகளை அனுப்புவார்கள். நீதிமன்றத்தில் பேசியவை, போலீஸ் விசாரணையில் பேசியவை, சிறையிலிருந்து கைதிகள் வீட்டுக்குப் பேசியவை. இங்கே அல்சூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாங்கள் அவற்றைச் சொல் விடாமல் தட்டச்சு செய்வோம். பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் சரளா. கடல் தாண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்ச் சட்டம் முழுவதையும் காதாலேயே படித்துவிட்டாள். புதிதாகச் சேருகிற சட்டப் பட்டதாரிகள் மேலதிகாரியிடம் கேட்கக் கூச்சப்பட்டு அவளிடம் வந்து கேட்பார்கள்.

அவளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. நீதிபதி தண்டனையை வாசிக்கிற இடம் வந்தால் வாயில் இருக்கிற பிஸ்கட்டை மெல்ல மாட்டாள். நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டு முடிப்பாள். ஒருமுறை ஒரு தாய் அழும் இடத்தை நான் சும்மா மூன்று புள்ளி வைத்துத் தாண்டிவிட்டேன். எட்டிப் பார்த்தவள் விடவில்லை. "அழுதா 'அழுகிறார்'னு போடு மல்லிகா. எத்தினி செகண்டுன்னு போடு. அந்தம்மா சும்மாவா அழுதாங்க?" மெஷின் மாதிரி வேலை செய்கிறவர்கள் மத்தியில் இவள் ஒரு தொந்தரவு. நானே அவளைப் பலமுறை வைதிருக்கிறேன்.

டீ நேரத்தில் ஒரு பையன், பன்னிரண்டு ஜூரிகள் முன்னால் வக்கீல் கைவீசிப் பேசும் கேஸ் தனக்கு வருவதே இல்லை என்று குறைப்பட்டான். சரளா சிரித்துவிட்டாள். "அது சினிமாப்பா. கே.ஆர். மார்க்கெட்ல எப்படி? கடைக்காரன் ஏத்திச் சொல்வான், நீ எறக்கிக் கேப்பே. அங்கே சர்க்கார் வக்கீல் பெரிய பெரிய குற்றமா நாலு போடுவாரு. 'ஒண்ணை ஒத்துக்கோ, மத்ததை விட்டுடறேன்'பாரு. ஜூரி கிட்டப் போயி தோத்தா நெறைய வருஷம், ஒத்துக்கிட்டா கொஞ்ச வருஷம். எல்லாரும் பயந்து ஒத்துக்குவாங்க. முக்காவாசி கேஸ் அங்கியே முடிஞ்சிடும்." பிறகு கொஞ்சம் நிதானித்து, "செய்யாதவனும் பயந்து ஒத்துக்குறான், அதான் பேஜாரு" என்றாள்.

இதையெல்லாம் நான் பதினான்கு ஆண்டுகள் கேட்டவள். எனக்கே அது வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் மகன் அருண் மேற்படிப்புக்காக அமெரிக்கா போயிருந்தான். இரண்டாம் ஆண்டில், கூடத் தங்கியிருந்த நிகில் என்ற மாணவனோடு சண்டை. நிகில் மாடிப்படியில் விழுந்து கை உடைந்துவிட்டது. போலீஸ் அருணைச் சிறையில் அடைத்தது. சனிக்கிழமை கைது. நீதிபதி முன்னால் நிறுத்தத் திங்கட்கிழமை ஆகும். திங்கள் காலை நான் அலுவலகத்தில் இருந்தபோது, அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை இரவு முடியாதபோது, அவன் நண்பன் செய்த ஏற்பாட்டில் சிறையிலிருந்து அழைப்பு வந்தது.

எந்தச் சிறை அழைப்பானாலும் தொடக்கத்தில் ஒரு பெண் குரல், இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்று அறிவிக்கும். எங்கள் அலுவலக விதிப்படி அதை நாங்கள் தட்டச்சு செய்வதில்லை. ஒரு குறி போட்டுவிட்டுத் தாண்டிப்போவோம். ஆயிரம் முறை தாண்டித் தாண்டி என் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது போல. அன்று என் போனிலும் அந்தக் குரல் சொன்னது. நான் அதையும் தாண்டிப்போனேன்.

"அம்மா" என்றான். அவ்வளவுதான், எனக்கு வார்த்தைகள் கொட்டிவிட்டன. "தெரியாம பட்டிருக்கும் கண்ணா. நீ அப்படிச் செய்யறவன் இல்ல. எதுக்கும் அந்தப் பையன்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு. போலீஸ்கிட்டயும் நான்தான், தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிடு. பெரியவங்க விட்டுடுவாங்க."

நம் வீடுகளில் அப்படித்தானே. யார் மேல் தப்பு என்று பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு மன்னிப்பைக் கேட்டுப் பிரச்சினையை ஆற்றுவோம். அருண், "இல்லம்மா, நடந்தது என்னன்னா, நான்..." என்று ஆரம்பித்தான். சரளாவின் கை குறுக்கே வந்தது. என் போனைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நான் கத்தினேன். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "என் பிள்ளைடி அது! ரெண்டு நாளா அவன் குரலைக் கேக்கல!"

"திட்டு. நல்லா திட்டு. அது ரெக்கார்டு ஆவுது மல்லிகா."

"தமிழ்லதானே பேசினேன்!"

"தமிழுக்கு ஆளு கெடைக்காதா அவங்களுக்கு? நீயும் நானும் யாரு?"

அவள் என்ன சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று மாலையே அவள் வீட்டுக்கு வந்தாள். நான் அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. அவள் ஹாலில் உட்கார்ந்து என் கணவரிடம் பேசியது காதில் விழுந்தது. அவர் மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொய் என்றால் கசப்பு. "இன்னிக்கு கோர்ட்ல ஜட்ஜ் கேட்டா 'நாட் கில்ட்டி'ன்னு சொல்லணுமாமே? பையனைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"சார், நான் செய்யலேன்னு சாமி மேல சத்தியம் பண்றது இல்ல அது. சொல்ற குற்றத்தை நீங்க நிரூபிங்கன்னு சொல்றது. அதைச் சொன்னாத்தான் வக்கீலுக்கு டைம் கெடைக்கும், அவங்ககிட்ட இருக்குற சாட்சியெல்லாம் இவங்க பாக்க முடியும். வக்கீல் வெக்க வசதியில்லேன்னா கோர்ட்டே வெச்சிக் குடுக்கும். அந்த வக்கீல்கிட்ட மட்டும் அவன் எல்லாத்தையும் பேசட்டும். உங்ககிட்ட வாணாம், என்கிட்ட வாணாம்."

நான் உள்ளிருந்தே, "ஒரு சாரி சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்றேன். அன்று அவளிடம் நான் பேசியது அது ஒன்றுதான்.

"கேஸ் முடியட்டும். அப்புறம் நேர்ல போயி நிக்கட்டும். இப்பக் கேட்டா அது மன்னிப்பு இல்ல, சாட்சி" என்றாள். சற்றுப் பொறுத்து, "அங்க ஒரு பையன் கை ஒடைஞ்சி கெடக்குறான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க, மறந்துடாதே" என்றும் சொன்னாள். எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து அவனுக்குப் பரிந்து பேசுகிறாளே என்றிருந்தது. பதினைந்து நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் மட்டும் தினமும் என் மேஜையில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போவாள்.

அவள் சொன்னதை நண்பன் மூலம் அருணுக்குச் சொன்னோம். அவன் ஜாமீனில் வந்தான். கோர்ட் ஒரு பெண் வக்கீலைக் கொடுத்தது. இரண்டு மாதத்தில் சர்க்கார் வக்கீலிடமிருந்து பேரம் வந்தது. சின்னக் குற்றமாக மாற்றித் தருகிறோம், ஒத்துக்கொண்டால் சிறை இல்லை, அன்றே முடிந்துவிடும். நாங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போகாத குறை. இங்கே ஒருமுறை ஸ்கூட்டர் வழக்கில் குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டி, அரை மணியில் வீடு திரும்பியவர் என் கணவர். "ஒத்துக்கிட்டு வந்துடுப்பா" என்று மகனிடம் சொல்லியும்விட்டார்.

நான் மிச்சக் கோபத்தையும் விட்டுவிட்டு சரளாவிடம் ஓடினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் தந்தாள். "ஒத்துக்கிட்டா விசா இன்னா ஆவும்னு அந்த வக்கீலம்மாவைக் கேக்கச் சொல்லு."

அருண் கேட்டான். சிறை இல்லாவிட்டாலும் குற்றவாளி என்றே பதிவாகும், நாட்டைவிட்டு அனுப்பிவிடவும் கூடும் என்று தெரிந்தது. வக்கீலம்மா வேறு வழிக்கு முயன்றார். குற்றத்தை ஒத்துக்கொள்ளாமலேயே கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போக வேண்டும், பொதுவேலை செய்ய வேண்டும், எல்லாம் ஒழுங்காக முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள். கிடைக்குமா என்று சரளாவை நச்சரித்தேன். "கெடைச்சாலும் கெடைக்கும். சும்மா ஆறுதலுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். கிடைத்தது. ஆனால் முடிய பதினோரு மாதம் ஆனது.

அந்தப் பதினோரு மாதமும் நான் எல்லோரிடமும் ஒரே பாட்டுதான் பாடினேன். என் பையன் அப்படிச் செய்யறவன் இல்லை. சொந்தக்காரர்களிடம், பக்கத்து வீட்டில், பஸ்ஸில் அறிமுகமானவர்களிடம்கூட. அருண் பேசும்போது அவனிடமும். சரளாவிடம் சொன்னால் மட்டும் அவள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். "சரி, டீ ஆறுது, குடி" என்பாள். அவன் செய்தானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

வழக்கு தள்ளுபடியான அன்று மைசூர்பாகு வாங்கிப்போனேன். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "அந்தப் பையன்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்கச் சொன்னியா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். பொய். முடிந்ததை ஏன் கிளற வேண்டும் என்று எனக்குப் பயம். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து இறந்தும் போனாள்.

மர்பி டவுனில் அவள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்த் திரும்பிய அன்று மாலை அருணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

"அருண், சரளா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லியிருந்தா. நான் சொல்லவே இல்லப்பா."

"தெரியும்மா. ஆன்ட்டியே என்னைக் கூப்பிட்டாங்க. கேஸ் முடிஞ்ச வாரமே."

"நிகிலைப் போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன். அவன் வேற ஊருக்குப் போயிட்டான். ஆறு மணி நேரம் பஸ். நான்தான் தள்ளினேன், படி இருக்குன்னு தெரிஞ்சேதான் தள்ளினேன்னு சொன்னேன். அவன் டீ போட்டுக் குடுத்தான். அந்தக் கை இன்னும் முழுசா மடங்கலம்மா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நான் அப்படிச் செய்யறவன் இல்லன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தியே."

என் பிள்ளை நிரபராதி என்று நம்பி அவனுக்காக நான் அலைந்தேன். பெற்றவள் யாராக இருந்தாலும் அலைவாள். அவன் செய்திருக்கக்கூடும் என்று தெரிந்தே சரளா அவனுக்காக நின்றாள். செய்தவனுக்கும் ஒரு வக்கீல், ஒரு அவகாசம், தலைநிமிர்ந்து போய் உண்மையைச் சொல்ல ஒரு நாள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணம் எனக்கு வராமல் போயிற்று. இப்போது அவளிடம் சொல்லவும் வழியில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவள் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பதினோரு மாதங்களைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை அருண் கூப்பிட்டான். "சொல்லு" என்றேன். வேறு ஒன்றும் நான் பேசவில்லை. அவன் ஒரு மணி நேரம் பேசினான்.